கிருமியைக் கொல்லாத மாத்திரை

“திருநிறைச்செல்வி” என்று சொல்ல நாக்கு எழுந்ததும் பல் அசைந்தது.

மேல்வரிசை முன்பல். நாக்கு அதன் பின்புறம் தட்டியதும் வெளியே சாய்ந்தது. நாக்கு விலகியதும், ஆணி தளர்ந்த கதவைப் போல, பழைய இடத்துக்கே வந்து நின்றது. மகேந்திரன் நிறுத்தவில்லை. மணமகளின் பெயரைச் சொன்னான். அவளைப் பெற்றவர்களின் பெயரைச் சொன்னான். அவர்கள் ஒரு காலத்தில் ரப்பர்ப் பால்மரம் சீவிய தோட்டத்தின் பெயரையும் சொன்னான். தகர எழுத்து வந்த இடத்தில் எல்லாம் பல் போய்ப் போய் வந்தது. கீழே மண்டபம் முழுக்கத் தின்றுகொண்டிருந்தார்கள். ஒருவரும் மேடையைப் பார்க்கவில்லை. அது அவனுக்குப் பழகிப்போன விஷயம். அவர்கள் பார்க்க வேண்டியதில்லை, காது இருந்தால் போதும். காதில் விழுகிறது என்று அவன் உறுதியாக நம்பினான்.

அவர்களைப் பற்றி அவன் நம்பிய ஒரே நல்ல விஷயம் அதுதான். அரைமணி நேரம் பேசினால் அதில் ஐந்து நிமிடத் தமிழ்கூடத் தேறாத கூட்டம். மணமக்களை வாழ்த்தச் சொல்லி ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தால், “ஹேப்பியா இருங்க, ஓகேலா” என்று சொல்லிவிட்டுப் படத்துக்குச் சிரிக்கிற தாய்மாமன்கள். பதாகையில் ‘வால்க’ என்று அடித்து மாட்டிவிட்டு அதன் கீழேயே நின்று கும்பிடுகிற பெற்றோர்கள். மேடையில் நிற்கிற நேரமெல்லாம் மகேந்திரன் இவர்களுக்கு மேலே நின்றான். இறங்கிய பிறகும் அப்படித்தான் நின்றான்.

ஈப்போவில் அவன் குரல் ஏறாத கல்யாண மண்டபம் குறைவு. அது ஞாயிற்றுக்கிழமை வேலை. மற்ற நாள்களில் ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் தரையில் பதிக்கிற ஓடு செய்கிற தொழிற்சாலை ஒன்றின் கிடங்கில் வேலை. பெட்டிகளை லாரியில் ஏற்றுகிறவர்களை மேற்பார்க்க வேண்டும். அங்கே அவனோடு இருந்தவர்கள் வங்காளதேசத்தவரும் நேப்பாளிகளும். அவர்களை மட்டும் அவன் மன்னித்திருந்தான். தமிழைக் கெடுக்க வழியில்லாதவர்கள்.

பிறந்தது சுங்காய்க்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். ஆறாம் வகுப்பில் பேச்சுப்போட்டியில் முதல் பரிசு வாங்கினான். தோட்டத்து மானேஜர் கையால் ஒரு சுவர்க்கடிகாரம். அந்த மானேஜருக்குத் தமிழ் தெரியாது என்பதை அவன் எங்கேயும் சொன்னதில்லை. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது, தொழிலாளர்கள் குடியிருந்த லயன் வீடுகளை இடித்தார்கள். அவனுக்கு வருத்தமே இல்லை. மூன்று தலைமுறையாக வேறொருவனுடைய மரத்தைக் கீறிவிட்டு, “எங்க தோட்டம் போச்சே” என்று அழுதவர்களைப் பார்த்து எரிச்சல்தான் வந்தது. அங்கிருந்து அவன் எடுத்துக்கொண்டு வந்தவை இரண்டு. ஒன்று உச்சரிப்பு. இன்னொன்று மருந்து விழுங்குகிற முறை.

கல்யாணச் சாப்பாட்டில் அவன் வடையைத் தொடவில்லை. சாதத்தைக் கடைவாய்க்கு ஒதுக்கி மென்றுகொண்டிருந்தபோது தேவன் வந்து எதிரே உட்கார்ந்தான். தேவன் லாரி ஓட்டங்களைக் குத்தகைக்கு எடுக்கிறவன். அவர்கள் குடியிருந்த சிலிபின் வட்டாரத்துக் கோயில் நிர்வாகத்திலும் இருந்தான்.

“அண்ணே, நம்ம பொண்ணு தினேஸ்வரிக்கு மூணு மாசத்துல கல்யாணம். மைக் நீங்கதான்.”

“வேற யாரு இருக்கா?”

“இல்லண்ணே, வீட்டுல பவித்ரனையும் கூப்பிடச் சொல்றாங்க. பசங்களுக்கு அவனப் புடிக்குது. ஜோக்கெல்லாம் அடிக்கிறான்லா.”

“அவன் பேசுனா கல்யாணம் நடக்குதா, ஹேண்ட்போன் விக்கிறானான்னு தெரியாது.”

“அவன் கடையே ஹேண்ட்போன் கடைதானண்ணே.”

“அதத்தான் நானும் சொல்றேன்.”

தேவன் சிரித்தான். காலையில் சடங்குக்கு மகேந்திரன், சாயங்கால விருந்துக்குப் பவித்ரன் என்று முடிவாயிற்று. எழுந்து போகும்போது தேவன் தோளில் தட்டிச் சொன்னான்: “கல்யாணம் நல்லபடியா முடியட்டும்ணே. அடுத்த வருசத் திருவிழா மைக்கையும் கமிட்டியில பேசி உங்களுக்கே வாங்கித் தந்துர்றேன்.”

திருவிழாவில் நாள் முழுக்க ஒலிவாங்கி. பத்து ஒலிபெருக்கி. ஊரே கேட்கும். மகேந்திரன் நாக்கால் பல்லைத் தொட்டுப் பார்த்தான். மூன்று மாதம் நின்றால் போதும்.

வீட்டில் மனைவி மங்களம் டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தாள். அவள் பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்கிறவள். எதையும் பானைக்குள் பார்ப்பது போலத்தான் பார்ப்பாள்.

“ஈறெல்லாம் எறங்கிப் போயிருக்கு. பல்லு குதிரப் பல்லாட்டம் நீண்டுக்கிட்டு நிக்குது. நம்ம ஷஹீதா கிளினிக்குக்குப் போங்க.”

“யாரு, அப்துல் ரசாக் பாய் மகளா? அப்பன் கடையில தே ஆத்துவாரு, மக பல்லு புடுங்குவாளோ?”

“அவரு தே ஆத்தித்தான் அவளப் படிக்க வச்சாரு. நீங்க இத்தன வருசமா வாயாலயே ஆத்துறீங்க. எதையாச்சும் கண்டோமா?”

போனான். வேறு வழியில்லாமல் போனதாகத்தான் தனக்குச் சொல்லிக்கொண்டான்.

“எவ்ளோ நாளா ஆடுது, அங்கிள்?” என்று ஷஹீதா கேட்டாள்.

“அங்கிள்னு சொல்லக்கூடாதும்மா. ஐயா.”

“சரி ஐயா. வாயத் தொறங்க.”

திறந்தான். திறந்தபின் யாரையும் திருத்த முடியவில்லை. அவள் ஒரு மெல்லிய கம்பியை ஒவ்வொரு பல்லின் ஓரமாகவும் ஈறுக்குள் இறக்கிப் பார்த்தாள். படம் எடுத்தாள். படத்தில் அவனுடைய முன்பற்கள் தூரம் தூரமாக நின்றன, மண் அரித்துப்போன வேலிக்கால்கள் மாதிரி. எலும்பு இருக்க வேண்டிய இடத்தையும் இருக்கிற இடத்தையும் அவள் பேனாவால் காட்டினாள்.

“இங்கேர்ந்து இங்க வரைக்கும் எலும்பு கரைஞ்சிருச்சு. ஆரம்பிச்சி வச்சது கிருமி. ஆனா இவ்ளோவும் தின்னது கிருமி இல்ல. உங்க ஒடம்புதான்.”

“என் ஒடம்பே என் எலும்பத் திங்குதா?”

“ஆமா. கிருமிய வெரட்ட ஒடம்பு ஒரு என்சைம விடுது. வெரட்டிட்டு அது நிக்கணும்லா? நிக்கல. பல்லப் புடிச்சிருக்கிற நாரையும் சேத்து வெட்டுது. நார் போனா எலும்பும் போகுது. நான் இப்ப ஈறுக்கு அடியில சுத்தம் பண்றேன். அதோட ஒரு ஊபாட் குடுக்கிறேன்.”

“மருந்துன்னு ஒரு சொல் இருக்கு.”

“மருந்து,” என்றாள் அவள், சலிக்காமல். “டாக்ஸிசைக்ளின். ஆன்டிபயாட்டிக்தான். ஆனா ரொம்பக் கொறைச்சல் அளவு. இந்த அளவுல அது கிருமியக் கொல்லாது. கொல்றதுக்கும் குடுக்கல. அந்த என்சைமோட வாயக் கட்டும், அவ்ளோதான். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. மூணு மாசம்.”

“கொல்லாதா?”

“கொல்லாது.”

“அப்புறம் எதுக்கும்மா அதுக்கு ஆன்டிபயாட்டிக்னு பேரு?”

“பேரு பழசு. வேலை புதுசு. இன்னொண்ணு முக்கியம். பாலோட சாப்பிடக்கூடாது. பால்ல இருக்கிற கால்சியம் மாத்திரையக் கட்டிப் புடிச்சிக்கிட்டு அப்படியே வெளியே கொண்டுபோயிரும். வெறுந் தண்ணி, பெரிய கிளாஸ். முழுங்குன ஒடனே படுக்கவும் கூடாது. வெளங்குச்சா?”

“ளகரத்த நல்லாத்தான் சொல்றீங்க,” என்றான் மகேந்திரன். “கொஞ்சம் பழகுனா தமிழ் வரும்.”

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னாள்.

அன்றிலிருந்து அவன் பேச்சுக்கு ஒரு புது விஷயம் கிடைத்தது. கிடங்கிலும் கோயிலிலும் அதையே சொன்னான். “கிருமியைக் கொல்லாத ஆன்டிபயாட்டிக்காம். குலைக்காத நாயை வாசல்ல கட்டிப்போட்டு, திருடன் வரமாட்டான்னு சொல்றா.” கேட்டவர்கள் சிரித்தார்கள். ஆனாலும் மாத்திரையை அவன் விடவில்லை. ஒரு வேளை தவறவில்லை. சிரித்துவிட்டு விழுங்கினான். மூன்று மாதத்துக்குப் பல் வேண்டும்.

விழுங்கினது பாலில்.

தோட்டத்தில் ராமையா என்று ஒரு டிரெசர் இருந்தார். டிரெசர் என்றால் டாக்டர் வராத நாளில் டாக்டர். டாக்டர் அநேகமாக எல்லா நாளும் வராதவர். மகேந்திரன் வாழ்நாளில் மதித்த மனிதர்கள் மூன்று பேருக்கு மேல் இல்லை. அதில் ராமையா ஒருவர், காரணம் அவர் யாரையும் மதித்ததில்லை. வெள்ளைச் சட்டையில் ஆஸ்பத்திரி வாசலில் நின்று, தகரக் குவளையோடு வரிசையில் வருகிறவர்களிடம் ஒரே வரியைச் சொல்வார்: “மருந்து சூடு. பால் குடிச்சாத்தான் அடங்கும்.” மருந்தோடு ஒரு அகப்பை பால் ஊற்றுவார்கள். அந்தப் பாலுக்காகவே காய்ச்சல் வந்தவர்கள் உண்டு. தோட்டத்து ஜனம் மொத்தமும் பட்டணத்துக்கு வந்து சேர்ந்தபோது சாமி படத்தோடு இந்த வரியையும் கொண்டு வந்தது. இன்றைக்கும் சிலிபினில் எந்த வீட்டிலும் காய்ச்சல் மாத்திரைக்குப் பக்கத்தில் ஒரு கோப்பை பாலோ மைலோவோ நிற்கும்.

மகேந்திரன் அந்த ஜனத்தைக் கேலி செய்கிறவன். ஆனால் பாலை விடவில்லை. ஆன்டிபயாட்டிக் என்றால் சூடு. மூன்று மாதம் என்றால் மூன்று மாதச் சூடு. அதற்கு மேல், எலும்பு கரைகிறது என்று அவளே சொன்னாள். எலும்புக்குப் பாலை விட்டால் என்ன இருக்கிறது? ஷஹீதா சொன்னது அவன் காதில் நன்றாகவே விழுந்திருந்தது. தேநீர் ஆற்றுகிறவன் மகள், ‘மருந்து’ என்ற சொல்லுக்குத் திண்டாடுகிற பெண், ராமையாவுக்கு எதிராகச் சொன்ன சொல். அதை அவன் எடைபோட்டுப் பார்க்கக்கூட இல்லை.

காலை மாத்திரை அப்துல் ரசாக் கடையில்.

“பாய், பால். கெட்டியா.”

“மாத்திரைக்காண்ணே? மகள்ட்ட கேட்டீங்களா?”

“உங்க மக பல்லப் பாக்கட்டும். பால நீங்க பாருங்க.”

அப்துல் ரசாக் கோபித்துக்கொள்கிறவர் இல்லை. பாலைத் தூக்கி ஆற்றினார். “அவ ரொம்ப கண்டிசன்ணே. என் முட்டி வலிக்கும் இந்த மாத்திரையக் குடுன்னு கேட்டேன். எலும்பு, குருத்து எல்லாத்துக்கும் நல்லதுங்கிறாங்களேன்னு. ‘முட்டிக்கு இன்னும் சரியா நிரூபிக்கல அத்தா, போய்த் தைலம் தேய்ங்க’ன்னுட்டா. பெத்த அப்பனுக்கே இல்லேங்கிறா.”

“தெரிஞ்சாத்தான குடுப்பா,” என்றான் மகேந்திரன். மாத்திரையை நாக்கின் மேல் வைத்து, பாலை ஒரே மூச்சில் குடித்து, மேலுதட்டைத் துடைத்துக்கொண்டான்.

சாயங்கால மாத்திரை வீட்டில். எலும்புக்கென்றே தனியாக விற்கிற பால் மாவு ஒரு பெரிய டின் வாங்கி வைத்திருந்தான். டின்னில் கிழவன் ஒருவன் மலை ஏறிக்கொண்டிருந்தான். மூன்று கரண்டி போட்டு, கரண்டி நிற்கிற பதத்தில் கலக்கிக் குடித்தான்.

மங்களம் மாத்திரை உறையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். “இங்க பாருங்க, பால் கிளாஸ் படம் போட்டுக் குறுக்கால கோடு கிழிச்சிருக்காங்க.”

“அது கொழந்தைங்களுக்கு.”

“கொழந்தைக்கு ஏன் பால் கூடாது?”

“உனக்குச் சொன்னாப் புரியாது.”

“புரியாதுதான். உங்களுக்கு வாக்கப்பட்டதே புரியாமத்தான்,” என்று அவள் உறையை மேசைமேல் போட்டாள்.

இரண்டு மாதம் கழித்துத் திரும்பப் போனபோது ஷஹீதா பல்லை இரண்டு கருவிகளின் காம்புகளுக்கு நடுவே பிடித்து அசைத்தாள். முன்னைவிட அதிகம் ஆடியது. பக்கத்துப் பல்லும் ஆடத் தொடங்கியிருந்தது. புதுப் படத்தைப் பழைய படத்தோடு சேர்த்து வைத்து நெடுநேரம் பார்த்தாள்.

“சுத்தம் பண்ணது நல்லா இருக்கு. ஈறு ரத்தம் கொறைஞ்சிருக்கு. ஆனா எலும்பு எறங்கிக்கிட்டேதான் இருக்கு. மாத்திர ஒழுங்கா சாப்டீங்களா?”

“ஒரு வேள தவறல.”

“எப்படி சாப்டீங்க?”

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன்போல் மகேந்திரன் நாற்காலியில் நிமிர்ந்தான். “காலையில உங்க அத்தா கடையில ஒரு கிளாஸ் பால். சாயங்காலம் எலும்புப் பால் மாவு, மூணு கரண்டி. எலும்புக்கும் பலம். சூடும் அடங்கும்.”

ஷஹீதா கையிலிருந்த சிறிய கண்ணாடியைத் தட்டில் வைத்தாள்.

“பால் கூடாதுன்னு நான் சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க.”

“காதுல விழுந்துச்சா?”

“விழுந்துச்சு.”

“அப்புறம்?”

 

“எங்க தோட்டத்துல ராமையான்னு ஒரு டிரெசர்…” என்று தொடங்கினான்.

“அவரு இந்த மருந்து குடுத்தாரா?”

“மாத்திர குடுப்பாரு.”

“என்ன மாத்திர?”

“வெள்ளை.”

“வெள்ளைன்னா? பேரு?”

“வெள்ளை மாத்திர,” என்றான் மகேந்திரன். தன் குரல் தன் காதிலேயே தோட்டத்து வரிசையில் நிற்கிற யாரோ ஒருவனுடைய குரலாக விழுந்தது.

ஷஹீதா கையுறையைக் கழற்றினாள். “என் தமிழ் சரியில்ல, ஒத்துக்கிறேன். மலாய்ல சொல்லிருப்பேன். இங்கிலீஸ்ல சொல்லிருப்பேன். எதுல சொன்னா கேட்டிருப்பீங்க, ஐயா?”

‘ஐயா’வை அவள் மிகச் சரியாக உச்சரித்தாள்.

“பால் இல்லாம சாப்டிருந்தா நின்னிருக்குமா?” என்று கேட்டான்.

“தெரியாது. இது மந்திரம் இல்ல. போன எலும்பு திரும்பி வராது. இருக்கிறத நிறுத்தி வச்சிருக்கலாம். இப்ப இந்த ஒரு பல்லு போகும். எப்பன்னுதான் கேள்வி.”

“இன்னும் மூணு வாரம். தேவன் வீட்டுக் கல்யாணம் முடிஞ்சிரட்டும்.”

அவள் ஆடுகிற பல்லைப் பக்கத்துப் பற்களோடு பின்புறமாக ஒரு மெல்லிய கம்பியால் கட்டி, மேலே பசை பூசி இறுக்கினாள். “கடிக்காதீங்க. நோண்டாதீங்க. நாக்கால தள்ளிக்கிட்டே இருக்காதீங்க,” என்றாள். மாத்திரையை மறுபடியும் தொடங்கச் சொன்னாள். தண்ணீரில்.

அவன் கடிக்கவில்லை. நோண்டவில்லை. மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கினான், சூடு பற்றிய பயத்தோடு. ஆனால் நாக்கை அவனால் கட்டிப்போட முடியவில்லை. பல்லுக்குப் பின்னால் கம்பி வந்ததும் ‘த’ தடித்துப் போயிற்று. ழகரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. வாழ்நாள் முழுக்க அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்ன ழகரத்துக்குப் பல்லே தேவையில்லை. பல் வேண்டியது ‘த’வுக்கு, பால்வாடிக் குழந்தையும் சொல்லிவிடுகிற ‘த’வுக்கு. குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகினான். தம்பதியர், தாய், தந்தை, தாரை வார்த்து, திருமாங்கல்யம். ஒவ்வொரு தடவையும் நாக்கு கம்பியில் ஒரு தட்டுத் தட்டியது. எலும்பை உடம்பு தின்றது போதாதென்று, பசையை அவன் தின்றான்.

“யாருகிட்டங்க சண்ட போடுறீங்க உள்ள?” என்று மங்களம் கதவைத் தட்டுவாள்.

தினேஸ்வரியின் கல்யாணத்துக்குப் பெரிய கூட்டம். தேவனோடு தொழில் செய்கிறவர்கள், கோயில்காரர்கள், லாரிக்காரர்கள். பதாகையில் பெயரையாவது ஒழுங்காக அடித்திருந்தார்கள். மகேந்திரன் கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டையில் மேடை ஓரம் நின்றான். மாப்பிள்ளை அழைப்புக்குப் பேசினான். பாதபூசைக்குப் பேசினான். கம்பி பிடித்துக்கொண்டிருந்தது.

ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். மகேந்திரன் எத்தனையோ மேடையில் சொன்ன வரியை எடுத்தான்: “திருமாங்கல்ய தாரணம்…”

முதல் ‘தி’யில் கம்பி ஒரு பக்கம் விட்டது. ‘தா’வில் பல் கம்பியிலிருந்து கழன்று நாக்கின் மேல் விழுந்தது. வலியே இல்லை. கெட்டிமேளம் கொட்டிற்று, எல்லோரும் அட்சதை வீசினார்கள். அந்தச் சத்தத்துக்குள் அவன் பல்லைக் கன்னத்துக்கு ஒதுக்கி, பிறகு கைக்குட்டையில் எடுத்துச் சட்டைப்பையில் போட்டான். வாயில் உப்புக் கரித்தது. மேளம் ஓய்ந்தது. பேச வேண்டும்.

“தம்பதியர்…” என்றான். சொல்லுக்கு முன்னால் காற்று ஓடிற்று.

யாரோ பின்னாலிருந்து முழங்கையைத் தொட்டார்கள். பவித்ரன். சாயங்கால விருந்துக்கு ஒலிபெருக்கியைச் சரிபார்க்கக் காலையிலேயே வந்திருந்தான். கழுத்தில் பளபளவென்று ஏதோ ஒரு துணி.

“அண்ணே, பல்லு விழுந்துருச்சா?”

“எப்படித் தெரியும்?”

“‘தம்பதியர்’ல காத்து போச்சுண்ணே. நீங்க பேசுனா போகாது. நான் பேசுனாத்தான் போகும்.” கேலி செய்கிறானா என்று மகேந்திரன் அவன் முகத்தைப் பார்த்தான். கேலி இல்லை. “நீங்க பேசுற கல்யாணத்துக்கெல்லாம் நான் வந்து பின்னால நின்னு கேப்பேன். ரெண்டு மூணு வரி களவாண்டும் இருக்கேன்.”

“தெரியும். களவாண்டத ஒழுங்கா சொல்லக்கூட உனக்கு வரல.”

“ஆமாண்ணே,” என்று அவன் சிரித்தான். “மிச்சத்த நான் பேசவா? ரத்தம் வருது.”

“உன் வேல சாயங்காலம். போ.”

மிச்சத்தை அவனே பேசினான். தாய், தந்தை, தாய்மாமன் எல்லாம் ஊதுகுழல் மாதிரி வந்தன. ஒவ்வொரு சொல்லுக்கும் அவன் மண்டபத்தைப் பார்த்தான். யாராவது நிமிர்வார்கள், யாராவது பக்கத்தில் இருப்பவனை இடிப்பார்கள், யாராவது சிரிப்பார்கள். சிரித்தால் அவர்களை வெறுக்கலாம். ஒருவரும் நிமிரவில்லை. முன்வரிசையில் ஒருத்தி தொலைபேசியில் பூவின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோயில் செயலாளர் மென்றுகொண்டே கைதட்டினார்.

எல்லாம் முடிந்ததும் தேவன் ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். “எப்பவும் போலண்ணே! ஒரு கொறையும் இல்ல!”

“ஒரு வித்தியாசமும் தெரியலையா?”

“என்ன வித்தியாசம்?” தேவன் யோசித்தான். “ஸ்பீக்கர்தான் கொஞ்சம் சத்தம் கூடப் போச்சு. அது பவித்ரன் பாத்துக்குவான். திருவிழாவுக்கு நீங்கதான்ணே, கமிட்டியில எல்லாரும் சரின்னுட்டாங்க.”

மகேந்திரன் உதட்டை மூடிக்கொண்டு தலையாட்டினான். கேட்டது கிடைத்துவிட்டது. பல் இருந்தாலும் கிடைத்திருக்கும், இல்லாவிட்டாலும் கிடைத்திருக்கும், அவன் மேடையில் நின்று குரைத்திருந்தாலும் கிடைத்திருக்கும். இத்தனை வருடம் இவர்களை வெறுத்ததில் ஒரு கணக்குப்பிழை இருந்தது. போதுமான அளவு வெறுக்கவில்லை. மண்டபத்தில் காது என்று ஒன்று ஒருவனுக்குத்தான் இருந்தது. அதுவும் அந்த ஹேண்ட்போன்காரனுக்கு இருந்தது.

மங்களம் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து வந்தாள். அவன் தண்ணீர் கேட்க வாயைத் திறந்ததும், “ஐயய்யோ, பல்லு எங்க?” என்றாள்.

“நான் பேசுனத நீ கேக்கல?”

“கேட்டேனே. நல்லாத்தான இருந்துச்சு.”

மறுநாள் திங்கட்கிழமை. மகேந்திரன் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு கிளினிக்குக்குப் போனான். ஷஹீதா பல் இருந்த இடத்தைக் கழுவி, மிச்சமிருந்த கம்பியை எடுத்தாள். பக்கத்துப் பல்லை இனிமேல்தான் காப்பாற்ற வேண்டும் என்றாள். அதே மாத்திரையை இன்னும் மூன்று மாதத்துக்குக் கொடுத்தாள். எப்படிச் சாப்பிட வேண்டும் என்று அவனையே சொல்லச் சொன்னாள். “வெறுந் தண்ணி, பெரிய கிளாஸ், பால் கூடாது,” என்று சொன்னான். ‘தண்ணி’யில் காற்றுப் போனது. அவள் அதைத் திருத்தவில்லை.

பிறகு அப்துல் ரசாக் கடைக்குப் போனான். அவர் கேட்காமலே பாலைக் கொண்டுவந்து வைத்தார். அவன் அதைத் தள்ளி வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டு மாத்திரையை விழுங்கினான். பாலை அப்துல் ரசாக்கே குடித்தார். சுங்காயிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, பேரன் காதுகுத்துக்குப் பேச வர முடியுமா என்று கேட்டார். மகேந்திரன் தேதியைக் கேட்டான். வருவதாகச் சொன்னான். மதியம் ஜெலாப்பாங்குக்கு வேலைக்குப் போனான். சாம்பல் நிறத் தரை ஓடுகள் இரண்டு லாரியில் ஏறின.